நெகட்டிவ் யார் கையில்?

இன்ஸ்டாகிராம் என்று பேச்செடுத்துப் பாருங்கள். படம் எடுத்துப் பிழைக்கிற எவரும் ஒரு மூச்சில் அதைக் கும்பிடுவார். அடுத்த மூச்சில் மண்ணை வாரித் தூற்றுவார். அது இல்லையென்றால் ஆர்டரே வராது என்பார். அதனால்தான் தொழிலே நாசமாய்ப் போனது என்றும் அவரே சொல்வார். விட்டுத் தொலையுங்களேன் என்றால், விட்டுவிட்டு எங்கே போவது என்று நம்மையே திருப்பிக் கேட்பார். கல்யாணத்துக்குப் படம் எடுக்கிறவரானாலும் சரி, பத்திரிகைக்குப் படம் எடுக்கிறவரானாலும் சரி, பேச்சு இதுதான்.

கலைஞர்களுக்கு இருக்கிற சஞ்சல புத்தி என்று இதைச் சிலர் ஒதுக்கிவிடுகிறார்கள். காலத்தோடு ஓடத் தெரியாதவர்களின் புலம்பல் என்கிறார்கள் வேறு சிலர். ரெண்டும் இல்லை. அடுத்தவன் நிலத்தில் குடிசை போட்டுக் குடியிருக்கிறவனுக்கு வருகிற மனசு இது. கூரை இருக்கிறதே என்ற நிம்மதியும் உண்டு. எப்ப வேணும்னாலும் பிரிச்சுப் போட்டுடுவான் என்ற பயமும் உண்டு. இந்த மனசு 2010இல் இன்ஸ்டாகிராம் வந்த பிறகு முளைத்ததில்லை. புகைப்படம் பிறந்த நாளிலிருந்தே அதன் வரலாறு ஒரு கேள்வியைச் சுற்றித்தான் நடந்து வந்திருக்கிறது. படம் யாருக்குச் சொந்தம்? எடுத்தவனுக்கா, எடுக்கப்பட்டவனுக்கா, காசு கொடுத்தவனுக்கா, கடை வைத்திருப்பவனுக்கா? சுருக்கமாகக் கேட்டால், நெகட்டிவ் யார் கையில்? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு நடந்தால்தான் இன்றைய இரட்டை மனசு புரியும். அதில் நம்மவர் மனசு மற்றவர் மனசிலிருந்து எந்த இடத்தில் பிரிகிறது என்பதும் புரியும்.

1839இல் பிரெஞ்சு அரசு டாகரின் முறையை உலகுக்கு அறிவித்தபோது நெகட்டிவ் என்ற பேச்சே கிடையாது. வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் ஒரு படம், அந்த ஒரு படம்தான். அது யார் வீட்டில் இருக்கிறதோ அவருக்குச் சொந்தம். இங்கிலாந்தில் டால்பட் 1841இல் காப்புரிமை வாங்கிய முறையில்தான் காகித நெகட்டிவ் வந்தது. ஒரு நெகட்டிவிலிருந்து எத்தனை படம் வேண்டுமானாலும் போடலாம். அன்றைக்கே படம் சந்தைச் சரக்காக மாறிவிட்டது. சரக்கு என்றால் அதற்கு முதலாளி வேண்டும். நெகட்டிவை வைத்திருப்பவன் முதலாளி ஆனான்.

1854இல் பாரிசில் திஸ்தெரி என்பவர் விசிட்டிங் கார்டு அளவில் படம் போடும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். ஒரே தகட்டில் எட்டுப் படம் வரை எடுக்கலாம். செலவு மளமளவென்று குறைந்தது. 1860களில் ஐரோப்பா, அமெரிக்கா முழுக்க இந்தக் கார்டுப் பைத்தியம் பிடித்து ஆட்டியது. ராணி படம், நடிகை படம், தளபதி படம் எல்லாம் கடையில் விற்றன. சனங்கள் தங்கள் படத்தை எடுத்து உறவுக்கும் நட்புக்கும் கொடுத்து, அவர்கள் படத்தைப் பதிலுக்கு வாங்கி, ஆல்பத்தில் வரிசையாகச் சொருகி வைத்தார்கள். யார் வீட்டு ஆல்பத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்பதே பெருமையாக இருந்தது. பேஸ்புக்குக்கு அது பாட்டி முறை வேண்டும். அந்தக் கார்டைக் கண்டுபிடித்த திஸ்தெரி என்ன ஆனார்? எல்லாரும் அதையே எடுக்கத் தொடங்கி விலை விழுந்தது. அவர் 1889இல் வறுமையில் செத்தார். படத்தை மலிவாக்கிப் பரப்பும் வழி, படம் எடுப்பவன் வயிற்றில் அடிக்கவும் செய்யும் என்ற பாடம் அன்றே வந்துவிட்டது.

அதே காலத்தில் அமெரிக்காவில் நடந்த இரண்டு சம்பவங்களை நாம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

ஒன்று, 1850. தென் கரோலினா மாநிலம் கொலம்பியா ஊரில் சீலி என்ற படக்காரர் கறுப்பு அடிமைகள் ஏழு பேரை அம்மணமாகவும் அரை அம்மணமாகவும் நிறுத்திப் படம் எடுத்தார். எடுக்கச் சொன்னவர் ஹார்வர்டு பேராசிரியர் அகாசி. கறுப்பர் தனி இனம், தாழ்ந்த இனம் என்று நிரூபிக்க அவருக்குச் சாட்சி தேவைப்பட்டது. அந்தப் படங்களில் இருந்தவர்களில் ஒருவர் பெயர் ரென்டி, அவர் மகள் பெயர் டெலியா. படங்கள் ஹார்வர்டு அருங்காட்சியகத்தில் கிடந்து 1976இல் வெளியே தெரிந்தன. ரென்டி என் முன்னோர், அவர் படத்தை எங்களிடம் கொடு என்று தமாரா லேனியர் என்ற பெண் 2019இல் ஹார்வர்டு மீது வழக்குப் போட்டார். 2022இல் மாசசூசெட்ஸ் உயர்ந்தபட்ச நீதிமன்றம், ஹார்வர்டு அவரை நடத்திய விதத்தால் அவருக்கு நேர்ந்த மனவேதனைக்காக வழக்கு நடத்தலாம் என்றது. ஆனால், படத்தில் இருப்பதாலேயே ஒருவருக்கு அந்தப் படம் சொந்தமாகிவிடாது என்றும் சொல்லிவிட்டது. 2025இல் சமரசம் ஏற்பட்டு, படங்களைச் சார்ல்ஸ்டனில் உள்ள ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகத்துக்கு அனுப்ப ஹார்வர்டு ஒத்துக்கொண்டது. 175 வருஷம் ஆகியிருக்கிறது.

இரண்டு, 1864. சோஜர்னர் ட்ரூத் அடிமையாகப் பிறந்தவர். எழுதப் படிக்கத் தெரியாதவர். அடிமை முறையை எதிர்த்து ஊர் ஊராகப் போய்ப் பேசியவர். அவர் ஸ்டூடியோவுக்குப் போய்த் தன்னைத் தானே படம் எடுத்துக்கொண்டார். சால்வை, வெள்ளைத் தொப்பி, கையில் பின்னல் நூல். தொழிலாளியாகவும் மரியாதைக்குரிய மனுசியாகவும் தான் எப்படித் தெரிய வேண்டும் என்பதை அவரே முடிவு செய்தார். கார்டுகளைக் கூட்டங்களில் விற்றார், தபாலிலும் அனுப்பினார். நிழலை விற்றுத்தான் உடம்பை நிலைநிறுத்துகிறேன் என்ற பொருளில் ஒரு வாசகத்தை அதன் கீழே அச்சடித்தார். அதோடு நிற்கவில்லை. 1864இல் அந்தப் படத்துக்குக் காப்புரிமையைத் தன் பெயரில் பதிவு செய்தார். எடுத்த ஸ்டூடியோக்காரர் பெயரில் இல்லை, தன் பெயரில். தன் உடம்பே இன்னொருத்தன் சொத்தாக இருந்த ஒரு பெண், தன் நிழல் தனக்கே சொந்தம் என்று சட்டத்தில் எழுத வைத்தார்.

அவர் காலத்துத் தோழர் பிரெடரிக் டக்ளஸ் 160க்கும் குறையாத படங்களுக்கு உட்கார்ந்தவர். 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் அவர் அளவுக்குப் படம் எடுக்கப்பட்ட ஆள் கிடையாது என்று ஆய்வாளர்கள் எண்ணிச் சொல்லியிருக்கிறார்கள். வெள்ளையர் வரைந்த கேலிச் சித்திரங்களுக்கு அவர் கொடுத்த பதில் அந்த முகங்கள். சிரிக்கவே மாட்டார். ரென்டியை நிறுத்தியது எந்தக் கருவியோ, டக்ளசை உட்கார வைத்ததும் அதே கருவிதான். கருவி மாறவில்லை. படத்தை எடுக்கச் சொன்னது யார், எடுத்த பிறகு அது யார் கைக்குப் போனது என்பதில்தான் வித்தியாசம்.

நம்ம ஊருக்கு வருவோம். இங்கே கேமரா முதலில் ராணுவத்தோடும் ரெவின்யூ கணக்கோடும் சேர்ந்து வந்தது. 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக 'இந்திய மக்கள்' என்ற படத் தொகுப்பைக் காலனி அரசு வெளியிட்டது. ஒவ்வொரு படத்தின் கீழும் சாதிப் பெயர், இனப் பெயர், அந்தச் சாதியின் குணம் என்று ஒரு குறிப்பு. பெரும்பாலும் மனுசன் பெயர் இருக்காது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தின்ற தாது வருஷப் பஞ்சத்தில் ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி எலும்புக் கூடாக நின்ற சனங்களை வரிசையாக உட்கார வைத்துப் படம் எடுத்தார். பஞ்சத்தில் முன்னால் விழுந்தது நிலமில்லாத நம்ம கூலிச் சனம்தான். அவர்கள் பெயர் எங்கும் இல்லை. அந்தப் படங்கள் இன்றைக்கும் சமூக ஊடகங்களில் சுற்றுகின்றன. வரலாற்றுப் பக்கம் நடத்துகிறேன் என்று யார் யாரோ போட்டு லைக் வாங்குகிறார்கள். பிறகு தர்ஸ்டன் வந்தார். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர். ஊர் ஊராகப் போய் மூக்கையும் மண்டையையும் அளந்து, படம் எடுத்து, 1909இல் தென்னிந்தியச் சாதிகள் பற்றி ஏழு தொகுதி போட்டார். அந்த நெகட்டிவுகள் எதுவும் நம் கையில் இல்லை.

சும்மா சொல்லக் கூடாது, இதே கேமரா நமக்கு வேறொரு கதவையும் திறந்துவிட்டது. டவுன் ஸ்டூடியோ. ஊர்த் தெருவில் செருப்புப் போட்டு நடக்க முடியாதவன் டவுனுக்கு பஸ் ஏறிப் போனான். ஸ்டூடியோக்காரர் வைத்திருந்த கோட்டை மாட்டிக்கொண்டு, தாஜ்மகால் வரைந்த திரைக்கு முன்னால், நாற்காலியில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்தான். ஊரில் அவனை நாற்காலியில் உட்கார விட்டது யார்? அந்த அரை மணி நேரம் அவன் யாருக்கும் கீழ்ப்பட்டவன் இல்லை. நம் வீட்டுச் சுவர்களில் தாத்தா படமும் சூட்டுப் போட்ட அம்பேத்கர் படமும் பக்கத்தில் பக்கத்தில் தொங்குவது வெறும் அலங்காரம் இல்லை. ட்ரூத்தும் டக்ளசும் செய்த அதே வேலையை நம் பெரியவங்களும் பேர் வைக்காமல் செய்திருக்கிறார்கள். நெகட்டிவ் மட்டும் ஸ்டூடியோவிலேயே இருந்தது. இன்னொரு காப்பி வேண்டுமானால் நம்பரைச் சொல்லிக் காசு கட்டி வாங்க வேண்டும். அந்த மறுபிரதிக் காசில்தான் ஸ்டூடியோக்காரர் பிழைத்தார். நெகட்டிவ் அவருக்கு நிலம் மாதிரி.

படம் எடுப்பவர்கள் தங்களுக்குள் சங்கம் கட்டி அந்த நிலத்துக்காகப் போராடிய வரலாறும் இருக்கிறது. இரண்டாம் உலகப் போர் முடிந்து 1947இல் ராபர்ட் காபா, கார்த்தியே பிரெசோன், சீமோர், ரோஜர் முதலானவர்கள் மேக்னம் என்ற கூட்டுறவு அமைப்பைத் தொடங்கினார்கள். அதுவரை பத்திரிகைக்கு எடுத்த படம் பத்திரிகை முதலாளிக்கே சொந்தமாகிவிடும். மேக்னம் அதை மாற்றியது. நெகட்டிவும் காப்புரிமையும் எடுத்தவருக்கே. பத்திரிகை ஒரு தடவை பயன்படுத்த வாடகை கொடுக்கட்டும் என்றது. இந்தியாவில் 1957இல் வந்த காப்புரிமைச் சட்டம் வேறு மாதிரி. காசு கொடுத்து ஒருவர் படம் எடுக்கச் சொன்னால், வேறு ஒப்பந்தம் எழுதிக்கொள்ளாத வரைக்கும், எடுக்கச் சொன்னவரே படத்தின் முதல் உரிமையாளர். அதாவது கல்யாணப் படம் சட்டப்படி கல்யாண வீட்டுக்காரருடையது. இது எத்தனை படக்காரருக்குத் தெரியும்? நெகட்டிவ் பெட்டி கையில் இருந்தவரை தெரிய வேண்டிய அவசியமும் வரவில்லை. சட்டம் என்ன சொன்னாலும் அனுபவ பாத்தியதை ஸ்டூடியோக்காரரிடம் இருந்தது.

டிஜிட்டல் வந்து அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. 1960இல் ஊட்டியில் அரசு தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நஷ்டத்தில் விழுந்து மூடப்பட்டது. அமெரிக்காவில் கோடக் கம்பெனி 2012 ஜனவரியில் மஞ்சள் கடுதாசி கொடுத்தது. அதே வருஷம் ஏப்ரலில் பேஸ்புக், இன்ஸ்டாகிராமை 100 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. அப்போது இன்ஸ்டாகிராமில் வேலை பார்த்தவர்கள் 13 பேர். ஒரு காலத்தில் கோடக்கில் லட்சம் பேருக்கு மேல் வேலை பார்த்தார்கள். பிலிம் செய்தவர்கள் தெருவுக்கு வந்தார்கள். படம் எடுப்பவன் சும்மா கொடுத்த படத்தை அடுக்கி வைத்தவர்கள் கோடீஸ்வரர் ஆனார்கள். 13 பேரிடம் இருந்த சரக்கு என்ன? கோடிக்கணக்கானவர் எடுத்த படமும், அதைப் பார்க்க வந்த கூட்டமும்தானே.

ஆனாலும் அதைக் கும்பிட்டவர்கள் சும்மா கும்பிடவில்லை. 2015 ஏப்ரலில் அமெரிக்காவின் பால்டிமோரில் பிரெடி கிரே என்ற கறுப்பு இளைஞர் போலீஸ் பிடியில் காயம்பட்டுச் செத்தார். ஊர் கொந்தளித்தது. அதே ஊர்க்காரர், படம் எடுக்கத் தானே கற்றுக்கொண்டவர், டெவின் ஆலன் என்ற கறுப்பு இளைஞர். போராட்டத்தைப் படம் எடுத்து இன்ஸ்டாகிராமில் போட்டார். அவர் எடுத்த படம் மே மாதம் டைம் பத்திரிகையின் அட்டைக்கு வந்தது. எந்த ஏஜென்சியும் அவரை அனுப்பவில்லை. எந்தப் படிப்பும் இல்லை, சிபாரிசும் இல்லை. 2012இல் தொடங்கி இன்ஸ்டாகிராமில் பரவிய 'எவ்ரிடே ஆப்பிரிக்கா' என்ற பக்கம், பஞ்சமும் போரும் மட்டுமே ஆப்பிரிக்கா என்று காட்டிய பத்திரிகைப் படங்களுக்கு எதிராக அன்றாட வாழ்க்கையைக் காட்டியது. பல நாட்டுக் கேமராக்காரர்கள் அதைப் பார்த்து இப்படிப் பக்கம் தொடங்கினார்கள்.

இங்கேயும் அப்படித்தான். 2017இல் திவ்யபாரதி இயக்கி வெளிவந்த 'கக்கூஸ்' ஆவணப்படத்தைத் திரையிட விடாமல் போலீஸ் தடுத்தபோது, அது யூடியூப் வழியாகச் சனங்களிடம் போய்ச் சேர்ந்தது. அதில் கேமரா பிடித்த பழனிகுமார், மலமள்ள வைக்கப்பட்டவர்களின் வாழ்க்கையையும் சாவையும் தொடர்ந்து படம் எடுத்து வருகிறவர். அவருக்கு 2022இல் தயானிதா சிங் பெயரால் பாரி இணைய இதழ் ஆவணப் புகைப்பட விருது கொடுத்தது. பெரிய பத்திரிகை ஆபீசின் படப் பிரிவு எந்தக் காலத்தில் சேரியிலிருந்து வந்தவனைக் கேட்டைத் தாண்டி விட்டது? அக்ரகாரத்து வழியாகப் போகாமல் ஊருக்குள் நுழைய ஒரு பாதை கிடைத்தது என்றால் நம்ம பிள்ளைகள் அதில் ஓடத்தான் செய்வார்கள். ஓட வேண்டியதுதான்.

அப்புறம் ஏன் திட்டுகிறார்கள்? பாதை யாருடையது என்று போகப் போகத் தெரிந்தது.

2012 டிசம்பரில் இன்ஸ்டாகிராம் தன் நிபந்தனைகளை மாற்றியது. பயன்படுத்துபவரின் படத்தை அவருக்குக் காசு கொடுக்காமலே விளம்பரத்துக்குக் காட்டலாம் என்று அதில் அர்த்தம் வந்தது. படக்காரர்கள் கொதித்தார்கள். நேஷனல் ஜியாகிரபிக் படம் போடுவதையே நிறுத்தி வைத்தது. சில நாளில் கம்பெனி பின்வாங்கியது. ஆனால் அடிப்படை நிபந்தனை அப்படியே இருக்கிறது. படம் உன்னுடையது என்று ஒரு வரி. அடுத்த வரியில், அதை உலகம் முழுக்க, காசு கொடுக்காமல், பிறருக்குக் கைமாற்றியும், மாற்றி அமைத்தும் பயன்படுத்த எனக்கு அனுமதி கொடுத்துவிட்டாய் என்று இருக்கும். சம்மதம் என்ற பொத்தானை அமுக்காமல் உள்ளே போக முடியாது.

அந்த வரி எங்கே கொண்டுபோய் விடும் என்பதைப் பத்திரிகைப் படக்காரர் ஸ்டெபனி சின்கிளேர் அனுபவித்தார். அவர் படம் ஒன்றுக்கு 2016இல் மேஷபிள் என்ற இணைய இதழ் 50 டாலர் தருகிறேன் என்றது. அவர் மறுத்தார். அந்த இதழ் அவருடைய இன்ஸ்டாகிராம் பதிவை அப்படியே தன் பக்கத்தில் பொருத்திக் காட்டிவிட்டது. வழக்குப் போட்டார். 2020 ஏப்ரலில் நியூயார்க் நீதிமன்றம், நீங்கள் இன்ஸ்டாகிராமுக்குக் கொடுத்த அனுமதியை அது மேஷபிளுக்குக் கொடுத்துவிட்டது என்று சொல்லி வழக்கைத் தள்ளியது. இரண்டே மாதத்தில் அதே நீதிபதி அந்த முடிவை மறுபரிசீலனை செய்து வழக்கைத் திரும்ப எடுத்தார். இப்படிப் பொருத்திக் காட்டுவதற்காக இன்ஸ்டாகிராம் மீதே வேறு இரண்டு படக்காரர்கள் போட்ட வழக்கு 2023இல் மேல்முறையீட்டிலும் தோற்றது. வேண்டாம் என்று சொன்ன பிறகும் எடுத்துக்கொள்ளலாம் என்றால் வேண்டாம் என்ற சொல்லுக்கு என்ன மதிப்பு?

மற்ற மாற்றங்கள் எல்லாம் அடுத்தடுத்து வந்தன. 2016இல், போட்ட வரிசையில் படம் காட்டுவதை விட்டுவிட்டு, எதைக் காட்டுவது என்பதைக் கம்பெனியின் கணக்கே முடிவு செய்யும் என்றார்கள். வருஷக்கணக்கில் சேர்த்த கூட்டத்துக்கு முன்னால் நாம் போட்ட படம் போய்ச் சேருமா என்பது நம் கையில் இல்லாமல் போனது. 2020இல் இங்கே டிக்டாக்கைத் தடை செய்த சூட்டோடு ரீல்ஸ் வந்தது. 2021இல் இன்ஸ்டாகிராம் தலைவர் மோசேரி, இது இனிமேல் படம் பகிரும் செயலி மட்டும் இல்லை என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். படக்காரன் வீடியோக்காரனாக மாற வேண்டும். 2022இல் ஒரு பெண் புகைப்படக்காரர் தொடங்கிய எதிர்ப்பு மனுவில் லட்சக்கணக்கானவர் கையெழுத்துப் போட்டார்கள். பிரபலங்களும் சேர்ந்துகொண்டதால் கம்பெனி கொஞ்சம் இறங்கி வந்தது. 2024இல் செயற்கை நுண்ணறிவுக்கு நம் படங்களையே தீனியாகப் போடும் செய்தி பரவியது. பல கலைஞர்கள் வேறு தளம் தேடி ஓடினார்கள். அதே வருஷம், கேமராவில் எடுத்த நிஜப் படத்துக்கே இது செயற்கை நுண்ணறிவால் ஆனது என்று இன்ஸ்டாகிராம் முத்திரை குத்தி, படக்காரர்கள் கத்திய பிறகு முத்திரையின் வாசகத்தை மாற்றியது. நெகட்டிவ் கையில் இருந்திருந்தால் சாட்சியாகக் காட்டியிருக்கலாம்.

இப்போது நம் கேள்விக்கு வருவோம். படக்காரர்கள் எல்லாருக்கும் மனசு இரண்டாகத்தான் கிடக்கிறது. எல்லாருக்கும் ஒரே மாதிரியா?

ஏற்கெனவே ஸ்டூடியோவும் பெயரும் பத்திரிகைத் தொடர்பும் வைத்திருந்தவர்கள் இழந்ததை நினைத்துப் புலம்புகிறார்கள். மறுபிரதிக் காசு போச்சு, மொபைல் வைத்திருக்கிறவன் எல்லாம் படக்காரன் ஆகிட்டான், தொழிலுக்கு மரியாதை போச்சு என்று. அதில் நியாயம் உண்டு. ஆனால் அந்தப் பழைய மரியாதையில் நமக்குப் பங்கு எப்போது இருந்தது? நம்மவர் இழக்கவில்லை, நுழைந்திருக்கிறார். நுழைந்த இடத்தில் தனக்குப் பிடிமானம் இல்லை என்பதுதான் அவர் கவலை. ரெண்டு பேரும் ஒரே வார்த்தையில் இன்ஸ்டாகிராமைத் திட்டினாலும் ரெண்டும் ஒரே வலி இல்லை.

நமக்கு இது புதுசும் இல்லை. 1892இல் செங்கல்பட்டு கலெக்டர் திரமென்கீர் கொடுத்த அறிக்கையின் பேரில் அரசு நமக்குப் பஞ்சமி நிலம் ஒதுக்கியது. பிறருக்குக் கைமாற்றக் கூடாது என்ற நிபந்தனையோடு கொடுத்தது. இன்றைக்கு அதில் எவ்வளவு யார் கையில் இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். பட்டா ஒருத்தன் பேரில், அனுபவம் இன்னொருத்தன் கையில். இன்ஸ்டாகிராமின் அந்த ரெண்டு வரியும் இதையேதான் சொல்கின்றன. படம் உன்னுடையது, அனுபவம் என்னுடையது. காகிதத்தில் இருக்கும் உரிமை வேறு, வெள்ளாமை வீடு வந்து சேருவது வேறு என்பதை நமக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. கடை என்று ஆன பிறகு பக்கத்தில் எதைப் போடலாம், எதைப் போடக் கூடாது என்று சந்தை முடிவு செய்கிறது. கல்யாண ஆர்டர் பிடிக்கிற பையன் ஏப்ரல் 14 ஊர்வலப் படத்தை அதே பக்கத்தில் போட யோசிக்கிறான். போட்டால் சாதி தெரிந்துவிடும். தெரிந்தால் மண்டபத்துக்குள் கூப்பிடுவார்களா? அதனால் பிழைப்புக்கு ஒரு கணக்கு, மனசுக்கு ஒரு கணக்கு என்று ரெண்டு வைத்துக்கொள்கிறான். ஊர்ப் பேரை மறைத்து, தெருப் பேரை மறைத்து டவுனில் வாடகை வீடு தேடிய நம் அப்பாக்களின் கதை, மகன்களின் போனுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. வியாபாரத்துக்குச் சமூக ஊடகம் நல்லதா கெட்டதா என்று பொதுவாகப் பேசுகிறவர்கள் இந்த ரெண்டு கணக்கைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

நம் பக்கத்து நியாயத்தைப் பேசும்போது நம்மைப் பற்றியும் ஒன்று கேட்டுக்கொள்ள வேண்டும். மலக்குழியில் விழுந்து செத்தவரின் உடம்பு, தலையில் அடித்துக்கொண்டு அழும் அவர் சம்சாரம், எரிந்த குடிசை முன்னால் நிற்கும் குழந்தை. இந்தப் படங்களைப் போட்டுத்தான் ஒரு படக்காரர் பெயர் வாங்குகிறார், அவருக்கு அழைப்பு வருகிறது, விருது வருகிறது. படத்தில் இருப்பவருக்கு என்ன வருகிறது? அவர் பெயராவது வருகிறதா? அந்த அம்மாவிடம் கேட்டுத்தான் போட்டோமா? நாளைக்கு அவர் எடுத்துவிடு தம்பி என்று சொன்னால், உலகம் முழுக்கப் பரவின படத்தை எங்கே போய் எடுப்போம்? சாவைச் சொல்லாமலும் இருக்க முடியாது; மூடி மறைக்கத்தான் அரசும் ஒப்பந்தக்காரனும் காத்திருக்கிறார்கள். ஆனால் ரென்டிக்கு ஹார்வர்டு எதுவோ, அதுவாக நாம் அந்த அம்மாவுக்கு ஆகிவிடக் கூடாது. நம்மிடமிருந்து எடுக்கிறார்கள் என்று கம்பெனியைக் கேட்கிற வாய், நாம் யாரிடமிருந்து எடுத்தோம் என்பதையும் கேட்க வேண்டும்.

என்ன செய்யலாம்? விட்டுவிட்டு வெளியேறுங்கள் என்று யோசனை சொல்பவர்களுக்குச் சொத்து இருக்கும். நம்ம பிள்ளைக்கு வாடகை கட்ட வேண்டும், லென்ஸ் தவணை கட்ட வேண்டும். ட்ரூத்தும் சந்தையை விட்டு வெளியேறவில்லை. சந்தைக்குள் நின்றுகொண்டே உரிமையைத் தன் பெயரில் எழுதிக்கொண்டார். அதைத்தான் நாமும் கற்க வேண்டும்.

எடுத்த மூலப் படத்தைத் தளத்தில் ஏற்றியதோடு விட்டுவிடாமல் ரெண்டு இடத்தில் பத்திரமாக வைப்பது. அதுதான் இன்றைய நெகட்டிவ். தளத்துக்குச் சின்ன அளவுப் பிரதி போதும். ஆர்டர் எடுக்கும்போது, சிறியதோ பெரியதோ, உரிமை யாருக்கு என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குவது. எழுதவில்லை என்றால் 1957 சட்டம் அவர் பக்கம்தான் பேசும். படத்தில் இருப்பவரின் பெயரை அவர் சம்மதத்தோடு எழுதி வைப்பது, அவருக்கு ஒரு பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுப்பது. பத்துப் பேர் சேர்ந்தால் நம்முடைய படக் களஞ்சியம் ஒன்றை நாமே நடத்தலாம். 1947இல் போரில் அடிபட்டு வந்த நாலைந்து பேர் சேர்ந்து செய்ததைவிட அது பெரிய காரியம் இல்லை. அந்தக் களஞ்சியத்தில் நம் கூட்டம், ஊர்வலம், கல்யாணம், சாவு, தாத்தா மாட்டிய இரவல் கோட்டு எல்லாம் தேதியோடும் பேரோடும் இருக்க வேண்டும்.

தாது வருஷத்தில் வரிசையாக உட்கார வைக்கப்பட்டவர்களின் பெயரை இனிமேல் நம்மால் கண்டுபிடிக்க முடியாது. இப்போது எடுக்கிற படங்களில் இருப்பவர்களின் பெயர் நமக்குத் தெரியும். அதையாவது ஒழுங்காக எழுதி, படத்தோடு சேர்த்து, நம் கையில் வைத்துக்கொள்வோம்.